ஹவ்ரானெக் வேலை

ஹவ்ரானெக் என்ற குடும்பப் பெயர் அமெரிக்காவின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் மரியாதையோடு எழுதப்பட்ட இடங்கள் உண்டு. தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஒன்றின் அடியில் இருக்கிறது. பதினாறாவது அவென்யூவில், லாடிஸ்லாவ் ஹவ்ரானெக்கின் அப்பா இறைச்சிக் கடை வைத்திருந்த கட்டடத்தின் நெற்றியில், செங்கல்லிலேயே செதுக்கியபடி இருக்கிறது. கடை போய் இப்போது அங்கே முடிதிருத்துகிறார்கள். பெயரை மட்டும் யாரும் தொடவில்லை.

அந்தப் பெயர் மரியாதை இழந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஊரின் தென்கோடியில் இருக்கும் பவுலிங் கூடத்தின் பின்னறை.

அங்கே ஆண்டுதோறும் மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பேஸ்பால் அணி. அணி காகிதத்தில்தான், அதில் இருக்கும் ஆட்டக்காரர்கள் உண்மையானவர்கள். அவர்கள் எங்கோ ஒரு நிஜ மைதானத்தில் அடிக்கும் அடியெல்லாம் இங்கே இவர்களுக்குப் புள்ளியாகச் சேரும். மார்ச் ஞாயிறு இளங்காளைகளுக்கான நாள். பெரிய ஆட்டத்துக்கு இன்னும் வராத, சின்ன ஊர்களில் பஸ்ஸில் போய் ஆடிக்கொண்டிருக்கும் பையன்களில் எவன் தேறுவான் என்று பார்த்து, ஆளுக்கொருவனாக முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். எடுத்தவன் தேற நான்கு வருடம் ஆகலாம். தேறாமலே போகலாம்.

முப்பது வருடங்களுக்கு முன் லாடிஸ்லாவின் தம்பி எமில், தன் கைக்கு வந்த முதல் தேர்வில் ஒரு கேட்சரை, அடிப்பவனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடிப்பவனை, எடுத்தான். நெப்ராஸ்கா பையன், தேக்கு மரம் மாதிரி உடம்பு. குத்தவைத்துக் குத்தவைத்து இரண்டு முழங்காலும் போய், ஒரே ஒரு பெரிய ஆட்டம்கூட ஆடாமல், அவன் ஏதோ ஒரு ஏரிக்கரையில் படகு விற்கப் போய்விட்டான். அடுத்த கூட்டத்தில் யாரோ ஒருவர் பழைய இரும்புக் கேட்சர் முகமூடி ஒன்றைக் கொண்டுவந்து எமிலின் தலையில் மாட்டினார்கள். அன்றே விதியும் போட்டார்கள். முதல் சுற்றில் எவன் கேட்சரை எடுக்கிறானோ அவன் கூட்டம் முடியும்வரை இந்த முகமூடியோடு உட்கார வேண்டும், அதோடேயே சாப்பிட வேண்டும். பையனை அங்கேயே வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டால் மட்டும் கழற்றலாம்.

அதன் பிறகு அந்த முகமூடி வேறு தலை கண்டதில்லை. முதல் சுற்றில் ஒருவரும் கேட்சர் பக்கம் போகவில்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. எவனாவது முட்டாள்தனமாக ஒரு தேர்வு செய்தால் "ஹவ்ரானெக் வேலை பாத்துட்டான்" என்பார்கள். பிறகு அது அறையைத் தாண்டியது. காரைப் பின்னால் எடுத்துக் கம்பத்தில் இடித்தால் ஹவ்ரானெக் வேலை. அடுப்பில் சூப்பை வைத்துவிட்டுத் தூங்கிப் போனால் ஹவ்ரானெக் வேலை.

எமில் அணியைக் கைவிட்டபோது லாடிஸ்லாவ் அதை வாங்கிக்கொண்டார், கறைபட்ட கோட்டைச் சலவைக்கு எடுத்துப்போகிறவர் மாதிரி. ஊர் நீதிமன்றத்தில் பத்திரப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்துமூன்று வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிறவர். அவருடைய சபதம் எளிமையானது. ஹவ்ரானெக் அணி இனி ஓர் இளம் கேட்சரைத் தொடாது. எந்தச் சுற்றிலும் தொடாது. அதனால் அவருடைய அணியில் கேட்சர் இடத்தில் எப்போதும் யாராவது ஒரு கிழட்டு ஆசாமி, பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன், அடிக்கத் தெரியாதவன், இருந்துகொண்டே இருந்தான். போன வருடம் அணி கடைசி இடத்துக்கு வந்தது.

கடைசி இடத்துக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு. இந்த வருடத்தின் முதல் தேர்வு அவர்களுடையது.

*

காரை ஓட்டிக்கொண்டிருந்தது அவர் மகள் ரெனாட்டா. அறுவை சிகிச்சை முடிந்த முழங்கால்களையும் இடுப்புகளையும் மறுபடி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட். நாற்பத்தோரு வயது. அணியை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். பெயர் சொல்லி எடுக்கும் உரிமை மட்டும் அப்பாவுடையது.

"கடைசியா ஒரு தடவை சொல்றேன்ப்பா," என்றாள். "கின்டானில்யாவ எடுங்க."

"கேலவேதான் எடுக்கறோம். பேசி முடிச்சாச்சு."

கேலவே ஜார்ஜியாவைச் சேர்ந்த ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே காவல் நிற்பவன். பத்திரிகைகள் எல்லாம் அவனைத்தான் முதலில் போட்டிருந்தன. டாரியோ கின்டானில்யா பனாமாவிலிருந்து வந்த இருபது வயதுக் கேட்சர். போன கோடை முழுவதும் இதே ஊர் அணிக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில்தான் ஆடினான்.

"நீங்க பேசி நீங்களே முடிச்சீங்க," என்றாள் ரெனாட்டா. "ஷார்ட்ஸ்டாப் வருஷத்துக்கு எட்டு பேர் நல்லவனா வர்றாங்க. அடிக்கத் தெரிஞ்ச கேட்சர் நாடு பூரா தேடினாலும் ஒரு கை விரலுக்குள்ளதான். நம்ம லீக்ல பன்னெண்டு பேருக்கும் ஒரு கேட்சர் கட்டாயம். மத்தவங்க எல்லாம் குப்பைய வச்சு ஓட்டறப்ப நம்மகிட்ட ஒரு நிஜமான ஆள் இருந்தா?"

"இருந்தா. அவன் கேட்சரா இருந்தா." லாடிஸ்லாவ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். வயல்களில் பனி பாதி உருகி அழுக்காகக் கிடந்தது. "வாணவேடிக்கை விட்ட அன்னிக்கி ஆட்டத்த நானும்தானே பாத்தேன். மூணு பந்து அவன் கால் நடுவுல ஓடிச்சு. கூட்டமே ஊளையிட்டுச்சு. அந்தப் பயல இன்னும் ரெண்டு வருஷத்துல முதல் பேஸ்ல கொண்டுபோய் நிறுத்திடுவாங்க. முதல் பேஸ்ல நிக்கறவன் கேட்சர் இல்ல. அப்போ உன் கை விரல் கணக்கு என்ன ஆகும்?"

"அது நல்ல கேள்வி. அந்தப் பயம் எனக்கும் இருக்கு."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தலையைத் திருப்பினார்.

"ஆனா நீங்க பாத்தது அந்த ஒரு நாள். இந்த ஊர்ல எல்லாரும் பாத்தது அந்த ஒரு நாள்தான், ஏன்னா அன்னிக்கி பீர் விலை கம்மி. மறுநாள் மத்தியானம் நான் சீக்கிரமே போயிட்டேன். அவன் மட்டும் மைதானத்துல இருந்தான். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, மிஷின் தரையில அடிச்சு விடற பந்தையெல்லாம் நெஞ்சால தடுத்துக்கிட்டு இருந்தான். கையே கிடையாது, வெறும் நெஞ்சு. ஆகஸ்ட்ல அவன விட்டு ஒரு பந்து போகல."

"முழங்கால்?"

கேட்டபிறகுதான் தான் கேட்டுவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"முப்பது வருஷத்துக்கு முந்தின மாதிரி இப்ப யாரும் குத்தவைக்கறதில்லப்பா. ஒரு முழங்கால மண்ணுல ஊன்றி, இன்னொரு கால நீட்டி உட்கார்றாங்க. அந்த நெப்ராஸ்கா பையனுக்கு இத யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அவன் படகு வித்திருக்க மாட்டான். இவன் இடுப்பு இருக்கே, என்கிட்ட வர்ற ஆளுங்க காசு குடுத்தும் வாங்க முடியாத இடுப்பு. பூனை எந்திரிக்கற மாதிரி எந்திரிக்கிறான்."

"என் தலையில அந்த முகமூடி ஏறாது, ரெனாட்டா."

"என் தலையில ஏறட்டும்."

"உன் தலையும் ஹவ்ரானெக் தலைதான்."

பிறகு அவள், கோபத்தை அடக்கின குரலில், "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடைசி அஞ்சு வருஷமா நம்ம லீக்ல நல்ல இளம் கேட்சர் எல்லாம் யார்கிட்ட போய் சேர்ந்திருக்கான்?" என்றாள்.

லாடிஸ்லாவ் வானொலியைத் திருகினார்.

*

பின்னறையில் வழக்கம்போல் குலாஷ் என்னும் இறைச்சிக் குழம்பின் மணம். நீள மேஜையின் கோடியில் பாப்பி விதையும் ஆப்ரிகாட்டும் வைத்த கொலாச்சே ரொட்டிகள் தட்டுத் தட்டாக இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பந்துகள் உருண்டு போய்க் கட்டைகளைச் சாய்க்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. எமில் முன்பே வந்து, தாடையில் சர்க்கரைத்தூளோடு உட்கார்ந்திருந்தான். அணி இல்லை, வேலை இல்லை, ஆனாலும் ஒரு வருடம்கூடத் தவறமாட்டான். அவனைப் பார்த்து அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவனும் சேர்ந்து சிரிப்பான். லாடிஸ்லாவுக்குப் பொறுக்காதது அதுதான்.

"வாங்கண்ணா," என்றான் எமில். "ஆப்ரிகாட் நல்லா இருக்கு. பாப்பி கொஞ்சம் கசப்பு."

"வாயத் தொடை."

ராட்னி பெனெஷ் அறைக்குள் வந்தார். கார் விற்பவர், ஐம்பத்தெட்டு வயது, கடந்த இரண்டு வருடமாகச் சாம்பியன். ஆணியில் தொங்கிய முகமூடியைக் கழற்றி எடுத்துவந்து மேஜையில் வைத்து, பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். தோல் வாருக்கு எண்ணெய் தடவினார். இதையும் அவர் ஒவ்வொரு வருடமும் செய்வார்.

"லாடிஸ்லாவ் அண்ணே," என்றார் துடைத்தபடியே. "முதல் தேர்வு உங்களுது. பாத்து எடுங்க. வீட்டுப் பழக்கம் கை தவறி வந்துடப் போகுது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். எமிலும் சிரித்தான்.

"எங்க வீட்டுப் பழக்கம் சொன்ன சொல்லக் காப்பாத்தறது," என்றார் லாடிஸ்லாவ். "உன்கிட்ட கார் வாங்கினவங்க அதப் பத்தி வேற மாதிரி சொல்றாங்க."

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ராட்னியும் தலையை ஆட்டிச் சிரித்தார். எதுவும் ஒட்டாத ஆள்.

"அந்த பனாமா பையன் பாவம்ண்ணே," என்றார் அறைக்கே கேட்கும்படி. "வாணவேடிக்கை அன்னிக்கி பாத்தீங்கல்ல? பந்து அவன் கால் நடுவுல போறப்ப டாட்டா காட்டிட்டுப் போச்சு. அவன எவனாவது முதல் சுற்றுல எடுத்தா, நான் சொல்றேன், அது ஹவ்ரானெக் வேலைக்கே அப்பன் வேலை."

ரெனாட்டா அப்பாவைப் பார்க்கவில்லை. குலாஷைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி கிண்ணத்தில் கொஞ்சம் பலமாக இடித்தது.

எமில் அண்ணனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முகமூடியைப் பார்த்தபடி, யாருக்கும் சொல்லாதவன் போல் சொன்னான்: "ராட்னி அவன் சொந்தக் காரக்கூட இப்படித் துடைக்க மாட்டான்ண்ணா. நானும் வருஷா வருஷம் பாக்கறேன். அந்த வார் எப்பவோ அறுந்து போயிருக்கணும். இவன்தான் புதுசு தைச்சுப் போட்டான். என்ன அக்கறைன்னே புரியல."

லாடிஸ்லாவின் கண் துணியின் மேல் போனது. துணி கம்பி மேல் போய்வந்து கொண்டிருந்தது.

யாருக்கு இந்த முகமூடி வேண்டும்? தேர்வு முறையை அவர் தூக்கத்திலும் சொல்வார். முதல் சுற்று கடைசி இடத்து அணியில் தொடங்கிச் சாம்பியனில் முடியும். இரண்டாம் சுற்று அப்படியே திரும்பி, சாம்பியனில் தொடங்கிக் கீழே வரும். ஆகவே சாம்பியனுக்கு முதல் சுற்றின் கடைசித் தேர்வும், மூச்சு விடுவதற்குள் இரண்டாம் சுற்றின் முதல் தேர்வும் அடுத்தடுத்துக் கிடைக்கும். முகமூடி முதல் சுற்றுக்கு மட்டும்தான். முகமூடிக்குப் பயந்து பதினோரு பேரும் கேட்சர்களைத் தாண்டிப் போவார்கள். நாட்டிலேயே நல்ல கேட்சர் எவனோ அவன் இரண்டாம் சுற்றின் வாசலில் சும்மா நின்றுகொண்டிருப்பான். வாசலில் முதல் ஆளாக நிற்பது சாம்பியன். அவன் கேட்சரை எடுத்துச் சிரித்துக்கொண்டே தன் அணியில் போட்டுக்கொள்வான்; அவன் தலையில் இரும்பு ஏறாது. அந்தக் கேட்சரால் அவன் மறுபடியும் சாம்பியன் ஆவான்.

காரில் ரெனாட்டா கேட்ட கேள்விக்கு விடை எதிரே உட்கார்ந்து வாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது.

கேலி செய்தார்கள் என்று நினைத்திருந்தார். கேலி செய்தவர்கள் பத்துப் பேர் உண்மையாகவே கேலிதான் செய்தார்கள். ஒருவன் மட்டும் அதை வேலியாகப் போட்டு, உள்ளே மாடு வளர்த்திருக்கிறான். வேலியின் பெயர் ஹவ்ரானெக். அப்பா செங்கல்லில் செதுக்கிய பெயர்.

லாடிஸ்லாவின் காதுமடல்கள் சூடாயின. தான் இத்தனை காலம் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வேலிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியவன் தானே என்பதும் அவருக்குத் தெரிந்தது. அதை நினைத்து உட்கார்ந்திருக்க நேரமில்லை. லீக்கை நடத்தும் வெண்டல் ஸ்மெய்கல் ஒரு பவுலிங் கட்டையை எடுத்து மேஜையில் தட்டினார்.

"எல்லாரும் உக்காருங்கப்பா. தொடங்கறோம். முதல் தேர்வு ஹவ்ரானெக் அணி. அண்ணே, சொல்லுங்க."

விதிப்படி எழுந்து நின்று சொல்ல வேண்டும். லாடிஸ்லாவ் எழுந்தார். கோட்டின் பித்தானைப் போட்டார். ரெனாட்டா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் இறங்கியிருந்தன. என்ன பெயர் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"டாரியோ கின்டானில்யா," என்றார் லாடிஸ்லாவ். "கேட்சர்."

சுவருக்கு அப்பால் ஒரு பந்து உருண்டுகொண்டே போய், எதிலும் இடிக்காமல் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு அறை வெடித்தது. ஒருவர் மேஜையை அடித்துச் சிரித்தார். ஒருவர் பீர் புரையேறி இருமினார். "அய்யோ, மறுபடியுமா," என்று யாரோ கத்தினார்கள். "ஹவ்ரானெக் வேலை, ஹவ்ரானெக் வேலை," என்று மூன்று பேர் பாட்டாகவே ஆரம்பித்துவிட்டார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். ராட்னியின் கையில் துணி அப்படியே நின்றிருந்தது. லாடிஸ்லாவ் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் போதும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பையன் தேறினாலும் தேறாவிட்டாலும், இந்த ஒரு முகத்துக்காக முதல் தேர்வைக் கொடுக்கலாம்.

"குடு," என்று கையை நீட்டினார்.

"என்னது?"

"முகமூடி. துடைச்சாச்சுல்ல? குடு."

வாங்கி, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தானே தலையில் மாட்டிக்கொண்டார். இரும்பு எண்ணெயும் பழைய வியர்வையும் கலந்து மணத்தது. பின்பக்க வார் கைக்கு எட்டவில்லை. எமில் எழுந்துவந்தான். அவன் இப்போது சிரிக்கவில்லை. வாரை இழுத்து, ஒரு துளை தாண்டி மாட்டினான்.

"என் தலைக்குச் சரியா இருந்துச்சு," என்றான் மெதுவாக. "உங்களுக்கு இறுக்கம்."

"இருக்கட்டும். நல்லா இழு."

ரெனாட்டா இப்போதுதான் நிமிர்ந்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள். கம்பிகளுக்குள்ளிருந்து அவர் கேட்டார்: "என்ன பாக்கற? குலாஷ் ஊத்து. கொஞ்சமா ஊத்து, சிந்தும்."

*

தேர்வு நடந்துகொண்டே போனது. இரண்டாமவர் கேலவேயை எடுத்தார். எடுத்தபின் லாடிஸ்லாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். லாடிஸ்லாவ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கரண்டியைக் கம்பி இடுக்கில் நுழைத்துக் குலாஷ் சாப்பிட்டார். பீரை ஸ்ட்ராவால் குடித்தார். கொலாச்சேயை ரெனாட்டா துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்தாள். ஆப்ரிகாட் ஜாம் ஒரு கம்பியில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க அவர் விடவில்லை.

முதல் சுற்று பாதியில் இருக்கும்போது ராட்னி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் சர்க்கரை இருந்தது.

"அண்ணே, வயசான காலத்துல எதுக்கு இந்தக் கஷ்டம். கழுத்து வலிக்கும். அந்தப் பையன என்கிட்ட குடுத்துடுங்க. என் ரெண்டு தேர்வையும் தர்றேன். இப்பவே கழட்டிடலாம்."

"கழுத்து நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டு தேர்வும், கூட ஒரு பிட்சரும். என்கிட்ட இருக்கறதுல நீங்களே பாத்து எடுங்க."

பந்து வீசும் பிட்சர் ஒருவனும் சேர்ந்தால் அது பெரிய விலை. லாடிஸ்லாவ் மகள் பக்கம் திரும்பினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குப் போடுவது தெரிந்தது. அவள் நேர்மையானவள்; தலையை லேசாக ஆட்டி, "நல்ல பேரம்தான்ப்பா. பொய் சொல்ல மாட்டேன். நீங்க முடிவு பண்ணுங்க," என்றாள்.

"டேய் ராட்னி," என்றார் லாடிஸ்லாவ். குரல் கம்பிக்குள்ளிருந்து வந்ததால் கொஞ்சம் தகரத்தனமாக ஒலித்தது. அறையே திரும்பிப் பார்த்தது. "கால் நடுவுல டாட்டா காட்டிட்டுப் போற பந்துக்கு எதுக்குடா ரெண்டு தேர்வும் ஒரு பிட்சரும்?"

ராட்னி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்.

"வெண்டல், நீ சொல்லு. போன வருஷம் ரெண்டாம் சுற்றுல முதல்ல போனது யாரு?"

வெண்டல் யோசித்தார். "அந்த வெனிசுலா கேட்சர். ராட்னி எடுத்தான்."

"அதுக்கு முந்தின வருஷம் ராட்னி எந்த இடத்துல இருந்து எடுத்தான்?"

"அப்பவும் கடைசி. இல்ல, அதுக்கு முந்தின வருஷம் அவன் ரெண்டாவதா வந்தான், அதனால கடைசிக்கு முந்தின இடத்துல இருந்து எடுத்தான்." வெண்டலின் குரல் தேய்ந்தது. அவர் ராட்னியைப் பார்த்தார். பிறகு முகமூடியைப் பார்த்தார். "அப்பவும் கேட்சர்தான் எடுத்தான்."

மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாக மாறியது. பத்துப் பேரும் மனதுக்குள் ஐந்து வருடத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தடவின வார். புதிதாகத் தைத்த வார். யாரோ ஒருவர், இதுவரை அதிகமாகச் சிரித்தவர், "அடப்பாவி," என்றார்.

"விதிய நான் மீறலயே," என்றார் ராட்னி. "எல்லாருக்கும் ஒரே விதிதானே? எடுக்க வேண்டாம்னு யாரு உங்களத் தடுத்தா?"

"யாரும் தடுக்கல," என்றார் லாடிஸ்லாவ். "எங்க பேர வச்சு நாங்களே தடுத்துக்கிட்டோம். நீ புத்திசாலி. அத ஒத்துக்கறேன். ஆனா இந்தப் பையன் உனக்கு இல்ல. ரெண்டு தேர்வுக்கும் இல்ல, நாலு தேர்வுக்கும் இல்ல. உன் கடையில இருக்கற அத்தனை காரையும் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தினாலும் இல்ல."

"அவன் முழங்கால் போச்சுன்னா?" ராட்னியின் குரலில் இப்போது சர்க்கரை இல்லை. "முதல் பேஸுக்குத் தள்ளிட்டாங்கன்னா? அப்ப இந்த அறையில உங்க பேரு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

லாடிஸ்லாவ் ஸ்ட்ராவில் ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார்.

"அவன் படகு வித்தான்னா என் பொண்ணும் நானும் போய் ஒரு படகு வாங்குவோம். எமிலையும் கூட்டிக்கிட்டுப் போவோம். நீ உன் இடத்துல போய் உக்காரு. உன் முறை வரப் போகுது."

எமில் சத்தமாகச் சிரித்தான். இந்தச் சிரிப்பு வேறு. லாடிஸ்லாவ் அதைக் காதால் அடையாளம் கண்டுகொண்டார். சிறு வயதில் அப்பா கடையின் பின்கட்டில் கேட்ட சிரிப்பு அது.

முதல் சுற்றில் ஒன்பதாவதாகப் பெயர் சொல்ல எழுந்தவர் பேக்கரிக்காரர் நோவோட்னி. கொஞ்ச நேரம் நின்று, தொண்டையைச் செருமி, டெக்சஸ் கேட்சர் ஒருவனின் பெயரைச் சொன்னார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. "முகமூடி ஒண்ணுதானே இருக்கு," என்றார் வெண்டல் குழப்பமாக. "இப்ப என்ன பண்றது?"

"என்னுது கழட்ட மாட்டேன்," என்றார் லாடிஸ்லாவ். "அவருக்கு ஒரு வடிகட்டி குடுங்க."

சமையலறையிலிருந்து ஒரு நூடுல்ஸ் வடிகட்டி வந்தது. நோவோட்னி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். அந்த வருடம் தேறக்கூடிய கேட்சர்கள் அந்த இருவர்தான்; ராட்னியின் முறை வந்தபோது நல்ல கேட்சர் என்று சொல்லும்படி ஒருவனும் மிச்சமில்லை.

*

கடைசிப் பெயர் முடிந்ததும் வெண்டல் கட்டையால் மேஜையைத் தட்டினார். "முடிஞ்சுதுப்பா. அண்ணே, கழட்டிடுங்க. ஆணியில மாட்டணும்."

லாடிஸ்லாவ் எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். முகமூடியைத் தொடவில்லை.

"முப்பது வருஷம் உங்க ஆணியில தொங்குச்சு," என்றார். "எங்க பேருக்காகக் கொண்டுவந்தது. இனி எங்க வீட்டுல தொங்கும்."

"அது லீக் சொத்து," என்றார் ராட்னி.

"அப்படியா. வந்து கழட்டிக்கோ."

அறையில் ஒருவரும் நகரவில்லை. ராட்னியும் நகரவில்லை. எமில் மட்டும் எழுந்து, மிச்சமிருந்த ஆப்ரிகாட் கொலாச்சேகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் வந்து நின்றான். ரெனாட்டா காரின் சாவியை எடுத்தாள்.

வாசலுக்குப் போக பவுலிங் கூடத்தின் நடுவே நடந்துதான் போக வேண்டும். ஞாயிறு மதியம்; கூடம் முழுக்கக் குடும்பங்கள். கோட்டும் மெருகேற்றிய காலணியும் போட்ட ஒரு கிழவர் தலையில் இரும்புக் கூண்டோடு, முதுகு ஒரு அங்குலமும் வளையாமல், பாதைகளைத் தாண்டி நடந்தார். பந்தைக் கையில் வைத்திருந்தவர்கள் எறியாமல் நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள், கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. அவர் இரண்டு பக்கமும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

காலணி வாடகைக்குக் கொடுக்கும் மேஜையில் ஒரு புதுப் பெண் இருந்தாள். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த காலணியை வைத்துவிட்டாள்.

"சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? என்ன வேலை சார் இது?"

ரெனாட்டா பதில் சொல்ல வாயெடுத்தாள். லாடிஸ்லாவ் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கம்பியில் ஒட்டியிருந்த ஆப்ரிகாட் துண்டு விளக்கொளியில் பளபளத்தது.

"ஹவ்ரானெக் வேலைம்மா," என்றார், அந்தப் பெண் எழுத்துக்கூட்டி எழுதிக்கொள்ளும் அளவுக்கு நிறுத்தி.

எமில் கதவைத் திறந்து பிடித்தான். மூவரும் வெளியே போனார்கள்.